காப்பிப் பொட்டலத்தை நிறுத்துங்கள், நெஞ்சைப் பரிசோதியுங்கள்

மலேசியாவின் பட்டர்வொர்த் பகுதியில் கொண்டெய்னர் லாரி ஓட்டும் 47 வயது வாசகர் நீண்ட கடிதம் ஒன்று எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாதிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறோம்.

ஆறு ஆண்டுகளுக்கு முன் கோயிலில் நடந்த மருத்துவ முகாமில் அவருக்கு இனிப்பு நீர் (நீரிழிவு) இருப்பது தெரிந்தது. ஒரு வருடம் அதற்கான மெட்ஃபார்மின் மாத்திரை சாப்பிட்டார். "கிட்னியைக் கெடுக்கும், ஆண்மையையும் குறைக்கும்" என்று உடன் வேலை செய்பவர்கள் சொன்னதால் நிறுத்திவிட்டார். போன மாதம் ஒரு நண்பரின் கருவியில் விரலைக் குத்திப் பார்த்தபோது சர்க்கரை 13.8 மில்லிமோல் (சுமார் 248 மில்லிகிராம்) காட்டியது. இரண்டு ஆண்டுகளாக விறைப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து, இப்போது காலையில் எழும்போதும் இல்லை. கடையில் விற்கும், ஆண்களுக்கென்றே விளம்பரம் செய்யப்படும் தொங்காட் அலி காப்பியை வாரம் இரண்டு மூன்று முறை குடிக்கிறார். குடித்தால் பலன் தெரிகிறது, கூடவே முகம் சூடாகித் தலைவலியும் வருகிறது. மனைவி, "வெளியே யாராவது இருக்கிறார்களா?" என்று கேட்டுவிட்டார். கடைசி வரியாக இதையும் எழுதியிருக்கிறார்: மூன்று வாரமாக அடுக்குமாடியில் லிஃப்ட் பழுது, நான்காம் மாடிக்கு ஏறும்போது நெஞ்சை யாரோ கட்டியதுபோல் இருக்கிறது, நின்றால் போய்விடுகிறது. அவருடைய அப்பா 52 வயதில் மாரடைப்பில் இறந்தவர்.

இது சிறுவயதுக் கைப்பழக்கத்தால் வந்த நரம்புத் தளர்ச்சியா, ஹார்மோன் ஊசி போட்டால் சரியாகுமா, காப்பியைத் தொடரலாமா, கிளினிக் போனால் கம்பெனிக்குத் தெரிந்து லைசென்சுக்குச் சிக்கல் வருமா, கவுண்டரில் எல்லார் முன்னாலும் என்னவென்று சொல்வது என்பவை அவருடைய கேள்விகள்.

அன்பரே,

நீங்கள் கடைசியில் போகிறபோக்கில் எழுதியதைத்தான் நான் முதலில் எடுத்துக்கொள்கிறேன். மாடி ஏறும்போது வந்து, நின்றால் அடங்கும் நெஞ்சு இறுக்கம் உங்களுக்குப் புதிதாக வந்திருக்கிறது. உங்கள் வயது, கட்டுப்பாடில்லாத இனிப்பு நீர், அப்பாவின் மரணம் மூன்றையும் சேர்த்துப் பார்த்தால், இது இதய ரத்தக்குழாய் அடைப்பு இல்லை என்று பரிசோதனை காட்டும்வரை அடைப்பு என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். இதற்கு அப்பாயின்ட்மென்ட் எடுத்துக் காத்திருக்கக் கூடாது. நாளைக் காலை கிளினிக் திறந்ததும் போய், கவுண்டரில் "சாக்கிட் டாடா" என்ற இரண்டு சொல்லை மட்டும் சொல்லுங்கள். நெஞ்சு வலி என்று சொன்னவரை வரிசையில் உட்கார வைக்க மாட்டார்கள், முதலில் இசிஜி எடுப்பார்கள். இந்த ஒன்றுக்கு வெட்கப்படவும் தேவையில்லை.

இசிஜி நன்றாக இருந்தால் வீட்டுக்கு வந்துவிடாதீர்கள். சும்மா படுத்திருக்கும்போது எடுத்த இசிஜி, அடைப்பு உள்ளவருக்கும் சரியாக இருக்கலாம். "படி ஏறும்போதுதான் வருகிறது, மூன்று வாரமாக இருக்கிறது, அப்பா 52 வயதில் போய்விட்டார்" என்று மூன்றையும் சொல்லி, இதய நிபுணரிடம் அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். அதற்குள் சும்மா இருக்கும்போதே இறுக்கம் வந்தாலோ, 10 நிமிடத்துக்கு மேல் நீடித்தாலோ, வேர்த்துக் கொட்டினாலோ, தாடைக்கோ இடது கைக்கோ பரவினாலோ 999-க்கு அழையுங்கள். லாரியையோ மோட்டாரையோ நீங்களே ஓட்டிக்கொண்டு போகாதீர்கள். இனிப்பு நீர் உள்ளவர்களுக்கு மாரடைப்பு வலியே இல்லாமல் மூச்சுத் திணறலாகவோ வாந்தி உணர்வாகவோ வருவதும் உண்டு. "காற்றுப் பிடிப்பு" என்று தைலம் தேய்த்துப் படுத்துக்கொள்வது நம் வீடுகளில் அடிக்கடி நடக்கிறது, ஆகவே சொல்கிறேன்.

எங்கே போனாலும் மருத்துவரிடம் முதல் நிமிடத்திலேயே அந்தக் காப்பியைப் பற்றிச் சொல்லிவிடுங்கள். கடைசியாக எந்த நாள், எத்தனை மணிக்குக் குடித்தீர்கள் என்பதையும் சேர்த்து. காரணம் இதுதான்: நெஞ்சு வலி என்று வருபவருக்கு நாக்கின் அடியில் வைக்கும் நைட்ரேட் வகை மருந்து கொடுப்பது வழக்கம். உங்கள் காப்பியில் இருக்கும் என்று நான் சந்தேகப்படும் பொருளோடு அது சேர்ந்தால் ரத்த அழுத்தம் சட்டென்று கீழே போய் உயிருக்கே ஆபத்தாகலாம்.

காப்பிக்குள் என்ன இருக்கிறது

தொங்காட் அலி ஒரு மரத்தின் வேர். அதைக் குடித்து ஒரு மணி நேரத்தில் முகம் சிவந்து, தலை வலித்து, விறைப்பும் வராது. அப்படி வருவது, விறைப்புக் குறைபாட்டுக்குக் கொடுக்கப்படும் சில்டனாஃபில், தடலாஃபில் போன்ற மருந்துகளின் அடையாளம். மலேசியாவில் இந்த மருந்துகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. ஆனால் பாலியல் சக்திக்கென்று விற்கப்படும் காப்பிப் பொட்டலங்களிலும் மூலிகை மாத்திரைகளிலும் இவற்றையோ, இவற்றின் வேதி அமைப்பைச் சற்றே மாற்றிய, மனிதர்களிடம் சோதிக்கப்படாத பொருள்களையோ கலந்திருப்பதைச் சுகாதார அதிகாரிகள் திரும்பத் திரும்பக் கண்டுபிடித்திருக்கிறார்கள். எவ்வளவு கலந்திருக்கிறது என்பது கலந்தவருக்கே தெரியாது. ஒரு பொட்டலத்தில் இருக்கும் அளவு அடுத்த பொட்டலத்தில் இருக்காது.

இன்னொரு விதமான கலப்படமும் உண்டு. 2008-இல் சிங்கப்பூரில் சில மாதங்களுக்குள் சுமார் 150 பேர் ரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிய நிலையில் மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டார்கள். நான்கு பேர் இறந்தார்கள். அவர்களில் பலர் சாப்பிட்ட பாலியல் சக்தி மாத்திரைகளில் கிளைபென்கிளமைடு என்னும் சர்க்கரைக் குறைப்பு மருந்து கலந்திருந்தது பிறகு தெரியவந்தது. 40 அடி கொண்டெய்னரை இழுத்துக்கொண்டு பினாங்குப் பாலத்தில் போகும்போது சர்க்கரை இறங்கிக் கண் இருட்டினால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

பதிவு பெற்ற மருந்தா என்று பார்க்க, உறையில் எம்ஏஎல் (MAL) என்று தொடங்கி, எட்டு இலக்கங்களும் அவற்றையடுத்து எழுத்தும் கொண்ட எண்ணைத் தேடுங்கள். பாரம்பரிய மருந்துக்கு இலக்கங்களை அடுத்து வரும் எழுத்து டி (T). அந்த எண்ணைத் தேசிய மருந்து ஒழுங்குமுறை நிறுவனத்தின் இணையத்தளத்தில் சரிபார்க்கலாம். போலி எண் அச்சிடுபவர்களும் இருக்கிறார்கள், ஆகவே எண்ணோடு பொருளின் பெயரும் பொருந்துகிறதா என்று பாருங்கள். காப்பி உணவுப் பொருள் என்பதால் அதற்கு இந்த எண் இருக்காது. உணவு என்று விற்றுக்கொண்டே ஒரு மணி நேரத்தில் பலன் என்று சொன்னால் அங்கேயே சந்தேகப்படலாம். மீதமிருக்கும் பொட்டலங்களை இன்றே நிறுத்துங்கள், ஆனால் எறிந்துவிடாதீர்கள். ஒன்றை மருத்துவரிடம் காட்டுங்கள்.

காப்பி வேலை செய்தது என்பதிலும் ஒரு செய்தி இருக்கிறது. நரம்பும் ரத்த ஓட்டமும் முழுதாகப் போய்விட்டிருந்தால் அது வேலை செய்திருக்காது. முறையான சிகிச்சைக்கு உங்கள் உடம்பு பதில் சொல்ல நல்ல வாய்ப்பிருக்கிறது.

நெஞ்சும் இதுவும் ஒரே கதைதான்

ஆணுறுப்புக்குப் போகும் தமனியின் உள்விட்டம் 1 முதல் 2 மில்லிமீட்டர். இதயத் தமனிகள் 3 முதல் 4 மில்லிமீட்டர். சர்க்கரை, கொழுப்பு, ரத்த அழுத்தம், புகை ஆகியவை எல்லா ரத்தக்குழாய்களின் உட்சுவரையும் ஒன்றுபோலத்தான் கெடுக்கின்றன. ஆனால் சிறிய குழாய் முதலில் திணறுகிறது. அதனால்தான் பலருக்கு விறைப்புக் குறைபாடு தொடங்கிச் சில ஆண்டுகள் கழித்து நெஞ்சு வலி வருகிறது. உங்கள் கடிதத்தில் இந்த வரிசை அப்படியே இருக்கிறது. நீரிழிவு உள்ள ஆண்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு இந்தக் குறை இருக்கிறது, மற்றவர்களைவிட 10, 15 ஆண்டுகள் முன்னதாகவே வந்தும் விடுகிறது. 2019 தேசியச் சுகாதார ஆய்வில் மலேசிய இந்தியப் பெரியவர்களில் நூற்றுக்கு 30 பேருக்கு மேல் நீரிழிவு இருந்தது. உங்கள் லாரி நிறுத்துமிடத்தில் இதே பிரச்சினையோடு, இதே காப்பியோடு இன்னும் சிலர் நிச்சயம் இருக்கிறார்கள்.

கைப்பழக்கத்துக்கும் இதற்கும் ஒரு தொடர்பும் இல்லை. அதனால் நரம்பு தளராது, விந்து "தீர்ந்தும்" போகாது. இந்தப் பயத்தை வைத்தே லேகியமும் பஸ்பமும் விற்பவர்கள் தமிழ்நாட்டிலும் உண்டு, இங்கேயும் உண்டு. பாதரசம், ஈயம் கலந்த பஸ்பங்கள் சிறுநீரகத்தைக் கெடுக்கும். மெட்ஃபார்மினுக்குப் பயந்து அதைத் தேடிப் போவதைத்தான் என்னால் சகிக்க முடிவதில்லை. மெட்ஃபார்மின் கிட்னியைக் கெடுப்பதில்லை. கட்டுப்பாடில்லாத சர்க்கரையும் ரத்த அழுத்தமும்தான் கெடுக்கின்றன. சிறுநீரகம் ஏற்கெனவே பலவீனமானவருக்கு மருந்து உடம்பில் தங்கிவிடும் என்பதால் மருத்துவர்கள் அளவைக் குறைப்பார்கள் அல்லது நிறுத்துவார்கள். இதைப் பார்த்தவர்கள் காரணத்தையும் விளைவையும் மாற்றிச் சொல்லிவிட்டார்கள். உங்கள் ஆண்மையைக் குறைத்ததும் மாத்திரை இல்லை, மாத்திரை இல்லாமல் போன ஐந்து ஆண்டுகள்தான்.

ஹார்மோன் ஊசியைப் பொறுத்தவரை, பரிசோதிக்காமல் போடவே கூடாது. டெஸ்டோஸ்டிரோன் அளவு காலையில்தான் உச்சத்தில் இருக்கும். ஆகவே காலை 7 மணிக்கும் 11 மணிக்கும் இடையில், வெறும் வயிற்றில், இரண்டு வெவ்வேறு நாள் ரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டும். இரவு ஷிப்ட் முடித்துத் தூங்காமல் போய்க் கொடுத்தால் அளவு தவறாகக் காட்டும். தொப்பையும் சர்க்கரையும் உள்ளவர்களுக்கு இது குறைவாக இருப்பது சகஜம், எடை குறைந்தால் தானாகக் கூடும். இடுப்புச் சுற்றளவு 90 சென்டிமீட்டருக்குக் கீழ் வருவது நம்மவர்களுக்குப் பொருத்தமான இலக்கு. ஜிம்மில் கைமாறும் ஊசிகள் விந்தணு உற்பத்தியையே நிறுத்திவிடும்.

கிளினிக்கில் கேட்டு வாங்க வேண்டியவை

கர்ப்பம், குழந்தைக்குத் தடுப்பூசி என்று பெண்களுக்கு அரசாங்க கிளினிக்கில் ஒரு வாசல் இருக்கிறது. அங்கே அவர்களுடைய ரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் யாராவது பார்த்துவிடுகிறார்கள். பள்ளிக்கூடத்துத் தடுப்பூசிக்குப் பிறகு நம் ஆண்களுக்கு அப்படி ஒரு வாசலே இல்லை. சுகாதார அமைச்சு 2018 முதல் 2023 வரைக்கும் ஆண்கள் சுகாதாரத்துக்கென்று ஒரு தேசியச் செயல்திட்டமே போட்டது. திட்டம் இருக்கட்டும். காலை 8 மணிக்குத் திறந்து மாலை 5 மணிக்கு மூடும் கிளினிக்குக்குத் துறைமுக ஷிப்டில் இருப்பவர் எப்போது போவார்? "அப்பா சாக்கிட்?" (என்ன நோய்?) என்று நாற்பது பேர் கேட்கும்படி விசாரிக்கும் கவுண்டரில் இதை எப்படிச் சொல்வார்? இந்த இரண்டையும் சரிசெய்யாமல் "ஆண்கள் பரிசோதனைக்கு வருவதில்லை" என்று குறைப்படுவதில் பயனில்லை. சில கிளினிக்குகள் மாலையிலும் திறந்திருக்கின்றன. உங்கள் வட்டாரத்தில் எது என்று போனில் கேளுங்கள்.

நாளை நெஞ்சு வலி விஷயம் முடிந்ததும் இரண்டாவது முறை போகும்போது ஒரு துண்டுச் சீட்டில் "மசாலா கெசிஹத்தான் லெலாகி" (masalah kesihatan lelaki) என்று மலாயில் எழுதிக் கவுண்டரில் கொடுங்கள். ஆண்கள் சுகாதாரப் பிரச்சினை என்று அர்த்தம், அதற்கு மேல் அங்கே சொல்ல வேண்டியதில்லை. ஆண் மருத்துவர் வேண்டும் என்று கேட்கலாம், அன்று இருந்தால் ஏற்பாடு செய்வார்கள். அறைக்குள் போனதும் "லெமா தெனாகா பாத்தின் (ஆண்மைக் குறைவு), இரண்டு வருடமாக, மெதுவாகக் குறைந்தது, காலையிலும் இல்லை" என்று சொல்லிவிடுங்கள். மெதுவாகக் குறைந்ததும் காலை விறைப்பு போனதும் மனக் காரணத்தைவிட உடல் காரணத்தைக் காட்டுகின்றன. மருத்துவர் பாதி நேரத்தை மிச்சப்படுத்திக்கொள்வார். அவர் கேட்காவிட்டால் நீங்களே ஆரம்பியுங்கள். வெட்கம் இரு பக்கமும் இருக்கிறது.

எடுக்க வேண்டிய பரிசோதனைகள் இவை: மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி, கொழுப்பு, சிறுநீரகச் செயல்பாடு, சிறுநீரில் புரதம், ரத்த அழுத்தம், காலை டெஸ்டோஸ்டிரோன், விழித்திரைப் படம், பாதப் பரிசோதனை. எச்பிஏ1சி 6.5 முதல் 7 சதவீதத்துக்குள் வருவது உங்களுக்கு நல்ல இலக்கு, ஆனால் ஒரே மாதத்தில் இழுத்துப் பிடிக்க முயல வேண்டாம். டெஸ்டோஸ்டிரோன் பரிசோதனை எல்லாக் கிளினிக்கிலும் உடனே நடக்காது, குடும்ப மருத்துவ நிபுணர் வரும் கிளினிக்கில் கேளுங்கள். தேவைப்பட்டால் பினாங்கு பொது மருத்துவமனையின் சிறுநீரியல் (யூராலஜி) பிரிவுக்கு அனுப்புவார்கள். குடிமக்களுக்கு கிளினிக்கில் 1 வெள்ளி (ரிங்கிட்), நிபுணர் கிளினிக்கில் 5 வெள்ளி. காப்பிப் பொட்டலம் அதைவிட அதிகம்.

விறைப்புக்கான மாத்திரை இதயப் பரிசோதனைக்குப் பிறகுதான். இதயம் தாங்கும் என்று மருத்துவர் சொன்னால் சில்டனாஃபில் 50 மில்லிகிராமில் தொடங்குவது வழக்கம். உறவுக்கு ஒரு மணி நேரம் முன், வயிறு காலியாக இருக்கும்போது போட வேண்டும். நாசி கண்டார் போன்ற கொழுப்பான சாப்பாட்டைச் சாப்பிட்டுவிட்டுப் போட்டால் தாமதமாகும், "மாத்திரை பலிக்கவில்லை" என்று சொல்பவர்களில் பலருக்கு இதுதான் காரணம். ஆசை இல்லாமல் மாத்திரை மட்டும் வேலை செய்யாது. ஆறேழு முறை முறையாகப் போட்டுப் பார்க்காமல் பலனில்லை என்று முடிவு கட்டாதீர்கள். நான்கு மணி நேரத்துக்கு மேல் விறைப்பு இறங்கவில்லை என்றால் அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். இதயத்துக்கு நைட்ரேட் மருந்து எழுதிக் கொடுத்திருந்தால் இந்த வகை மாத்திரை ஒன்றுகூடக் கூடாது. அப்போதும் வழி அடைபடவில்லை: வெற்றிடக் கருவி, உறுப்பிலேயே போடும் ஊசி என்று நிபுணரிடம் வேறு முறைகள் இருக்கின்றன.

கம்பெனியும் லைசென்சும்

கம்பெனி பணம் கட்டும் பேனல் கிளினிக்கில் பார்த்தால் பில்லில் என்ன சிகிச்சை என்று தெரிந்துவிட வாய்ப்புண்டு. அரசாங்க கிளினிக்கில் அந்தப் பிரச்சினை இல்லை. எம்.சி.யில் (மருத்துவ விடுப்புச் சீட்டில்) நோயின் பெயரை எழுத வேண்டும் என்று கட்டாயம் இல்லை, எழுத வேண்டாம் என்று நீங்கள் சொல்லலாம். அரை நாள் வேலைக்கு நேரச் சீட்டு கேட்டு வாங்கலாம். வேலைவாய்ப்புச் சட்டம் 1955-இன்படி ஐந்து ஆண்டுக்கு மேல் வேலை செய்தவருக்கு வருடத்துக்கு 22 நாள் சம்பளத்தோடு மருத்துவ விடுப்பு உண்டு. பேனல் மருத்துவர் இருக்கும் கம்பெனியில் வேறு இடத்து எம்.சி.யை ஏற்பதில் தகராறு வரலாம் என்பதால், போகுமுன் கம்பெனி விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

லாரி லைசென்ஸ் புதுப்பிக்க மருத்துவப் பரிசோதனை எப்படியும் உண்டு. அங்கே பயப்பட வேண்டியது மருந்து சாப்பிடும் கட்டுப்பாடான சர்க்கரைக்கு இல்லை, 13.8-ல் நிற்கும் சர்க்கரைக்கும் கவனிக்காத இதயத்துக்கும்தான். நெஞ்சைப் பார்த்து முடிக்கும்வரை ஓட்டலாமா என்பதை மருத்துவரிடமே கேளுங்கள். சில நாள் ஓட்டாமல் இருக்கச் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள். லாரிக்குள் செய்யக்கூடிய மாற்றம் ஒன்றுண்டு: ஒவ்வொரு நிறுத்தத்திலும் குடிக்கும் தே தாரிக்கை, பாலும் சர்க்கரையும் இல்லாத தே ஓ கொசோங் ஆக்குங்கள். மெட்ஃபார்மினை மீண்டும் தொடங்கும்போது வயிற்றுப்போக்கு வரலாம், ஓட்டுநருக்கு அது பெரிய தொல்லை. சாப்பாட்டோடு குறைந்த அளவில் தொடங்கினால் பெரும்பாலும் அடங்கிவிடும். அடங்காவிட்டால் மெதுவாகக் கரையும் வகையைக் கேளுங்கள், மறுபடி நீங்களே நிறுத்திவிடாதீர்கள்.

வீட்டில்

மனைவி கேட்ட கேள்விக்கு நீங்கள் பதில் சொல்லவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். மௌனத்தை அவர் ஆமாம் என்றுதான் எடுத்துக்கொண்டிருப்பார். இரவில், படுக்கையில், தோல்விக்குப் பிறகு பேசாதீர்கள். பகலில் சமையலறையில் பேசுங்கள். "எனக்கு இனிப்பு நீரால் இந்தக் குறை வந்திருக்கிறது, உன்மேல் ஆசை குறையவில்லை, டாக்டரிடம் போகிறேன்" என்றால் போதும். நெஞ்சு இறுக்கத்தையும் அப்போதே சொல்லுங்கள், உங்களுக்கு ஒன்று என்றால் 999-க்கு அழைக்கப்போவது அவர்தான். இந்தக் குறையைப் பற்றிப் பேசக் கிளினிக்குக்கு முதலில் நீங்கள் தனியாகப் போவதே நல்லது, மனம் விட்டுப் பேச முடியும். ரத்தப் பரிசோதனை முடிவு வாங்கப் போகும்போது அவரையும் அழைத்துப் போங்கள். அரசாங்கத்தின் ரொக்க உதவி உங்கள் குடும்பத்துக்கு வருகிறதென்றால், 40 வயதைக் கடந்த கணவன் மனைவி இருவருக்கும் பெக்கா பி40 திட்டத்தில் பரிசோதனை இலவசம், அதில் சேர்ந்துள்ள தனியார் கிளினிக்கிலும் செய்துகொள்ளலாம். உங்கள் நோய் ஏற்கெனவே தெரிந்தது, உங்களுக்கு நேரே சிகிச்சைதான் வேண்டும். அந்தத் திட்டத்தை அவருக்குப் பயன்படுத்துங்கள், அவருடைய சர்க்கரையையும் இதுவரை யாரும் பார்த்ததாக உங்கள் கடிதத்தில் இல்லை.